பாறை நிலத்து ஊர்களில் நிலத்தடி நீரைக் கணக்கிட்டுப் பகிர்தல்

தருமபுரி மாவட்டத்தின் வறண்ட பகுதியொன்றில் விவசாயம் செய்யும் ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது: ஊரில் உள்ள திறந்தவெளிக் கிணறுகளில் பாதிக்கு மேல் கோடை தொடங்குமுன்பே வற்றிவிடுகின்றன, ஆளாளுக்கு ஆழ்துளைக் கிணறு போட்டு ஆயிரம் அடியைத் தாண்டிவிட்டார்கள், ஓடையில் தடுப்பணை கட்டியாயிற்று, பலர் சொட்டுநீர்க் குழாயும் போட்டுவிட்டார்கள், ஆனாலும் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து மழை பொய்த்தால் குடிநீருக்கே லாரியை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. நிலத்தடி நீரை ஊரே சேர்ந்து நிர்வகிக்க முடியுமா, சட்டம் அதற்குத் துணை நிற்குமா, எல்லோரும் ஒத்துவராவிட்டால் என்ன செய்வது என்பவை அவருடைய கேள்விகள்.

முடியும் என்பதே என் பதில். ஆனால் எதிலிருந்து தொடங்குவது என்பதில்தான் பெரும்பாலான ஊர்கள் இடறுகின்றன. நீரைப் பெருக்கும் வேலைகளை முதலில் எடுத்துக்கொண்டு, செலவைப் பற்றிய பேச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்துவிடுகிறார்கள். பெருக்கும் வேலைக்கு அரசுப் பணம் வருகிறது, யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. செலவைப் பற்றிப் பேசினால் பங்காளிகளுக்குள்ளேயே முகம் சுளிக்க வேண்டியிருக்கிறது. இருந்தாலும், விதைப்புக்கு முன்னதாக நிலத்துக்கடியில் எவ்வளவு நீர் இருக்கிறது, அதை எந்தப் பயிருக்கு எவ்வளவு விடுவது என்று ஊர் கூடிக் கணக்குப் பார்ப்பதுதான் முதல் வேலை. தடுப்பணையும் சொட்டுநீரும் அந்தக் கணக்குக்குள் வந்தால்தான் பயன் தரும் என்பதைக் கீழே விளக்க முயல்கிறேன்.

முதலில் பாறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 73 விழுக்காடு கடினப் பாறையின் மேல் அமைந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல், கோவை எல்லாம் இதில் அடங்கும். காவிரிக் கழிமுகத்தில் இருப்பதுபோல நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்கு மணல் அடுக்குகள் இங்கே இல்லை. மேல்மண்ணுக்குக் கீழே சில பத்து அடிகளுக்குச் சிதைந்து நைந்த பாறை இருக்கும். அதற்கும் கீழே திடப்பாறை, அதில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வெடிப்புகள். நீரின் பெரும்பகுதி அந்த நைந்த பாறையில்தான் தங்குகிறது. அங்கும் தாராளமான இடமில்லை. நைந்த பாறையின் கன அளவில் நாம் இறைத்து எடுக்கக்கூடிய நீர் பெரும்பாலும் 1 முதல் 3 விழுக்காடுதான்.

இந்த ஒரு எண்ணின் பொருளை ஒவ்வொரு விவசாயியும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 2 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர் நிலத்தின் கீழே நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் கிடைப்பது 81,000 லிட்டர். அதே ஒரு ஏக்கருக்கு வாய்க்கால் வழியே 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு தண்ணீர் கட்ட வேண்டுமானால் 2 லட்சம் லிட்டர் வேண்டும். அதாவது ஒரு தண்ணீர் கட்டினால், அந்த ஏக்கருக்கு அடியில் உள்ள மட்டம் சுமார் 8 அடி இறங்க வேண்டும். அப்படி இறங்குவது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் பள்ளமான இடத்தை நோக்கிச் சுற்றியுள்ள நிலங்களிலிருந்து நீர் நகர்ந்து வருகிறது. நம் கிணற்றில் ஊறுவது அக்கம்பக்கத்தார் நிலத்தின் கீழ் தங்கிய மழையும்தான். இது தெளிவானால், தண்ணீர் யாருடையது என்ற வாக்குவாதத்தில் பாதி தானாகவே அடங்கிவிடும்.

வரவைப் பார்ப்போம். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், பாறை நிலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, அதாவது 80 மில்லிமீட்டர், கீழே இறங்கிச் சேர்வதாகக் கொள்ளலாம். மீதி ஆவியாகிறது, பயிரும் மரமும் குடிக்கின்றன, ஓடையில் ஓடிவிடுகிறது. 500 ஏக்கர் கொண்ட ஒரு சிற்றூரை எடுத்துக்கொண்டால் அங்கே ஓராண்டு வரவு சுமார் 16 கோடி லிட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு நிலத்தடியிலேயே ஓடைக்கும் பள்ளத்துக்கும் கசிந்துவிடும் என்று விட்டுவிட வேண்டும். ஆயிரம் பேருக்கு ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குடிநீர் என்றால் ஆண்டுக்கு 2 கோடி லிட்டர். 300 மாடுகளுக்கு முக்கால் கோடிக்குச் சற்றுக் குறைவு. இவையெல்லாம் போகப் பயிருக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 12 கோடி லிட்டர்.

அந்த 12 கோடியை எப்படிச் செலவிடலாம் என்பதில்தான் ஊரின் எதிர்காலம் இருக்கிறது. கரும்பு போட்டால், மழை போகக் கிணற்றிலிருந்து மட்டும் 1,500 மில்லிமீட்டர் வரை கொடுக்க வேண்டியிருக்கும். ஊரின் மொத்த நீரும் 20 ஏக்கரோடு தீர்ந்துவிடும். பாய்ச்சியதில் ஒரு பகுதி மண்ணுக்குள் திரும்புவதைச் சேர்த்தாலும் 26 ஏக்கரைத் தாண்டாது. சொட்டுநீரில் 400 மில்லிமீட்டர் கொடுத்துத் தக்காளி போட்டால் 75 ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக வரும். மானாவாரியாகக் கேழ்வரகு, நிலக்கடலை, துவரை விதைத்து, பூக்கும் நேரத்திலும் மணி பிடிக்கும் நேரத்திலும் மழை ஏமாற்றினால் மட்டும் இரண்டு உயிர்த்தண்ணீர் விடுவதென்றால், ஏறத்தாழ 300 ஏக்கருக்கு அதே நீர் காணும். எல்லோரும் கேழ்வரகுக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தக்காளியின் வருமானமும் கேழ்வரகின் வருமானமும் ஒன்றல்ல. ஆனால் ஒருவர் 5 ஏக்கர் கரும்பு வைப்பதென்பது ஊரின் நீரில் ஏறக்குறைய கால் பங்கை எடுத்துக்கொள்வது என்ற உண்மை, ஊர்க்கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லப்பட வேண்டும்.

ஆழத்துக்குப் போனால் புதிய நீர் கிடைக்கும் என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் மிக வலுவானது. திருச்செங்கோட்டிலிருந்து துளைபோடும் ரிக் வண்டி வந்து நின்ற இரவில், புழுதி மட்டுமே பறந்துகொண்டிருந்த குழாயில் 700 அடியில் திடீரென நீர் பீய்ச்சினால் அந்தக் குடும்பம் அடையும் நிம்மதியை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்த வெடிப்பில் உள்ள நீரும் மேலேயிருந்து இறங்கியதுதான். நெடுங்காலமாகச் சேர்ந்திருந்தது சில மாதங்களில் தீர்ந்துபோகும். பிறகு அந்தத் துளை மேலடுக்கின் நீரை உறிஞ்சத் தொடங்கும். சுற்றியுள்ள திறந்தவெளிக் கிணறுகள் ஒவ்வொன்றாக அடங்கும். அத்தோடு தருமபுரி, கிருஷ்ணகிரிப் பாறைகளில் புளோரைடு மிகுதி. பல்லிலும் எலும்பிலும் அது செய்த கேட்டினால்தான் இவ்விரு மாவட்டங்களுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே கொண்டுவரப்பட்டது. ஆழத்து நீர் பாறையோடு நீண்ட காலம் கலந்து கிடப்பதால், அங்கே புளோரைடு கூடுதலாக இருக்க வாய்ப்பும் அதிகம்.

தடுப்பணை ஏன் போதவில்லை என்பதையும் பார்க்கலாம். ஓடையில் ஓடும் நீரை நிறுத்தினால் அதையொட்டிய கிணறுகள் நன்றாகவே ஊறும். நல்ல வேலைதான், தூர் வாரிப் பேண வேண்டியதுதான். ஆனால் நீர் நின்ற இடத்தைச் சுற்றி இருப்பவர்கள் அடுத்த பருவத்திலேயே வாழையோ தென்னையோ கூடுதலாக வைத்துவிடுகிறார்கள். சேர்ந்தது அங்கேயே தீர்கிறது, மேட்டுக்காட்டுக் கிணறுகளுக்கு எதுவும் மாறவில்லை. கீழ் ஊரின் ஏரிக்கு வரவேண்டிய நீரும் குறைகிறது. சொட்டுநீரிலும் இதுவே நடக்கிறது. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் கிடைக்கிறது. களைச் செலவும் ஆள்கூலியும் குறைவதால் அது விவசாயிக்கு நன்மையே. ஆனால் இரண்டு ஏக்கருக்கு ஊறிய கிணற்றை வைத்து நான்கு ஏக்கர் நடுவதற்குத்தான் அந்த மிச்சம் பயன்படுகிறது என்றால், நிலத்துக்கடியில் எதுவும் மிஞ்சவில்லை. மிச்சம் பிடிப்பவர் யாராக இருந்தாலும், மிஞ்சியது எங்கே போக வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் இதுதான் விளைவு.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். சிறு விவசாயிகளுக்கு 1984-இலும், பிறகு 1990 வாக்கில் அனைத்து விவசாயிகளுக்கும் தமிழ்நாட்டில் இலவச மின்சாரம் வந்தது. மோட்டாரை ஒரு மணி நேரம் கூடுதலாக ஓட்டுவதால் கைப்பணம் செலவாவதில்லை என்பதால் நீர் வீணாகிறது என்பது பொருளியல் அறிஞர்கள் அடிக்கடி முன்வைக்கும் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் மீட்டர் பொருத்துவதை முதல் நிபந்தனையாக வைத்து எந்த ஊரிலும் பேச்சைத் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மீட்டர் என்றதும் கட்டணம் வரப்போகிறது என்று கூட்டம் கலைந்துவிடும். பயிரைப் பார்த்தாலே செலவு தெரிந்துவிடுகிற ஊரில் மீட்டர் இல்லாமலேயே நூற்றுக்கு எண்பது கணக்கு சரியாக வரும்.

சட்டத்தைப் பற்றிய கேள்விக்கு நேரடியாகவே விடை சொல்கிறேன்: அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின்படி, தன் நிலத்துக்கடியில் குறிப்பிட்ட கால்வழி இன்றிப் பரவியுள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமை நில உரிமையாளருக்கு உண்டு. நிலமில்லாதவருக்கு அதில் இடமே இல்லை. பக்கத்து நிலத்துக்காரரின் கிணறு வற்றுவதைப் பற்றிய கவலையும் அதில் இல்லை. தமிழ்நாட்டில் 2003-இல் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றப்பட்டு, முறையாக நடைமுறைக்கு வராமலேயே 2013-இல் நீக்கப்பட்டது. ஆந்திரத்தில் 2002-ஆம் ஆண்டின் நீர், நிலம், மரங்கள் சட்டம் புதிய ஆழ்துளைக் கிணறுக்கு அனுமதி வேண்டும் என்றது. மகாராட்டிரத்திலும் தனிச்சட்டம் உண்டு. இருந்தும் ரிக் வண்டி இரவோடு இரவாக வந்து போகும் இடங்களில் அதிகாரியால் செய்யக்கூடியது குறைவு. நாட்டில் இத்தகைய கிணறுகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து அவற்றைக் கண்காணிக்க இயலாது. அடுத்த வயலில் இருப்பவரால்தான் முடியும்.

அப்படியானால் ஊருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தோடு வந்த பதினோராவது அட்டவணையில் சிறுபாசனமும் நீர்மேலாண்மையும் ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பொருள்களாக உள்ளன. கிராம சபைத் தீர்மானம் ஒருவருடைய மோட்டாரை நிறுத்தும் ஆணையாகாது. ஆனால் ஊர் ஒத்துக்கொண்டதற்கு எழுத்துப்பூர்வமான சான்றாகும், அரசுத் துறைகளிடம் பேசும்போது பலம் தரும். கிராம சபை நாள்களே இதற்குப் பொருத்தமாக அமைந்துள்ளன. அக்டோபர் 2-இல் கூடும்போது வடகிழக்குப் பருவமழை இன்னும் தொடங்கியிருக்காது. சனவரி 26-இல் கூடும்போது மழை முடிந்து கோடைப் பயிருக்கு நடவு தொடங்கும் தறுவாய். கோடைப் பயிரை எவ்வளவு ஏக்கரோடு நிறுத்துவது என்று முடிவெடுக்கச் சனவரி 26-ஐ விடச் சரியான நாள் இல்லை. பிப்ரவரியில் நாற்று நட்டபிறகு கணக்குப் பேசினால், யாராவது ஒருவருடைய பயிரைக் காயவிடச் சொல்லுவதாகிவிடும். அதை எந்த விவசாயியும் செய்யமாட்டார், செய்யச் சொல்வதும் நியாயமில்லை.

இதையெல்லாம் செய்துகாட்டிய ஊர்கள் உள்ளன. மகாராட்டிரத்தின் அகமதுநகர் (இப்போது அகில்யாநகர்) மாவட்டத்து ஹிவ்ரே பஜார் ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் அளவிலேயே மழை பெறும் ஊர். வேலை தேடி வெளியேறியவர்களால் பாதி காலியாகியிருந்த அந்த ஊரில் 1989-இல் போபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவரானார். மலைச்சரிவுகளில் வரப்பும் குழியும் வெட்டியது, மேய்ச்சலைத் தடுத்தது, மரம் வெட்டுவதை நிறுத்தியது பற்றியெல்லாம் பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு இரண்டு. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது, கரும்பும் வாழையும் கூடாது என்று நீரைச் சேர்க்கும் வேலையோடு சேர்த்தே அவர்கள் முடிவு செய்தார்கள். இரண்டாவது, ஆண்டுதோறும் மழை முடிந்ததும் பெய்த மழையையும் கிணற்று மட்டங்களையும் வைத்து நீர்க்கணக்கு போட்டு, குடிநீர், கால்நடை, பிறகு பயிர் என்ற வரிசையில் ஒதுக்குகிறார்கள். மழை குறைந்த ஆண்டில் எந்தப் பயிரைக் குறைப்பது என்பது அந்தக் கூட்டத்திலேயே முடிவாகிறது. ஹிவ்ரே பஜார் சிறிய ஊர், வலுவான தலைமை வாய்த்த ஊர். அதை அப்படியே எங்கும் நட்டுவிட முடியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மழையளவில் அது தருமபுரியை விட மிகவும் ஏழை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தடை எதுவும் போடாமல் கணக்கை மட்டும் விவசாயிகள் கையில் கொடுத்துப் பார்த்த முயற்சி ஆந்திரத்தில் நடந்தது. அனந்தபூர், சித்தூர், கடப்பை, கர்னூல், பிரகாசம், இப்போது தெலங்கானாவில் உள்ள மகபூப்நகர், நல்கொண்டா ஆகிய ஏழு மாவட்டங்களில், நெதர்லாந்து நிதியுடனும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையுடனும், சுமார் 640 ஊர்களில் 2009 வரை அத்திட்டம் நடந்தது. மழையை அளப்பது, கிணற்று மட்டத்தை அளப்பது, மோட்டார் தள்ளும் நீரை அளப்பது எல்லாவற்றையும் விவசாயிகளே செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சுவரில் படம் வரைந்து கணக்குக் காட்டினார்கள். குளிர்காலப் பயிருக்கு முன் கூடி, இருப்பு இவ்வளவு, எல்லோரும் நெல் போட்டால் தேவை இவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதன்பின் யார் எதைப் போட வேண்டும் என்று யாரும் கட்டளையிடவில்லை. ஆயினும் பல ஊர்களில் நெல் பரப்பு குறைந்து, நீர் குறைவாகக் கேட்கும் பயிர்கள் கூடின. பாடுபட்டு நட்ட பயிர் பாதியில் காயும் என்று முன்கூட்டியே தெரிந்தால் விவசாயி தன் நலனுக்காகவே மாற்றிக்கொள்கிறார் என்பதை அது காட்டியது. திட்டம் முடிந்து களப்பணியாளர்கள் விலகியபின் பல இடங்களில் அளவெடுப்பு தளர்ந்துபோனதும் உண்மை. அளக்கும் வேலை யாருடைய பொறுப்பு, அதற்கு ஊரே என்ன கொடுக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே தீர்த்துவிட வேண்டும் என்பது அதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.

அதே அனந்தபூரில் சில ஊர்களில் நடந்த இன்னொரு ஏற்பாடு என்னை மிகவும் ஈர்த்தது. ஆழ்துளைக் கிணறு உள்ள விவசாயிகளும் இல்லாத விவசாயிகளும் ஒரு குழுவானார்கள். கிணறுகளையெல்லாம் குழாய்களால் இணைத்து, மானாவாரி நிலங்களுக்கும் நீர்த்திறப்பு வைத்தார்கள். கிணறு இல்லாதவருடைய நிலக்கடலை காயும் தறுவாயில் உயிர்த்தண்ணீர் கிடைக்கும். அதற்கு ஈடாகப் பத்து ஆண்டுகளுக்குப் புதிதாக யாரும் துளை போடுவதில்லை என்று எல்லோரும் கையெழுத்திட்டார்கள். கிணறு உள்ளவருக்கு என்ன ஆதாயம் என்று கேட்கலாம். பக்கத்தில் புதிதாக ஒரு துளை விழுந்து தன் கிணறு வற்றிவிடும் என்ற அச்சம் நீங்குவதுதான் அவருக்குக் கிடைக்கும் ஆதாயம்; இணைப்பில் இருப்பதால் தன் மோட்டார் பழுதானாலும் பயிர் தப்பும். புதிய துளைகள் ஏன் விழுகின்றன என்று யோசித்தால், பெரும்பாலும் நீர் இல்லாதவரின் தவிப்பினால்தான். அவருக்குப் பங்கு கொடுக்காமல் தடை மட்டும் விதித்தால், ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு ஊரே காவல் நிற்பதாக ஆகிவிடும். அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை நான் ஆதரிக்கமாட்டேன்.

பங்கிடுவது நமக்குப் புதிய பழக்கமும் அல்ல. கிணற்றில் நான்கில் ஒரு பாகமும் கவலை ஏற்றம் (மாடு பூட்டி நீர் இறைக்கும் அமைப்பு) இறைத்துக்கொள்ளும் பாத்தியமும் என்பது போன்ற வரிகளைப் பழைய கிரயப் பத்திரங்களில் இன்றும் காணலாம். கூட்டுக் கிணற்றில் பங்குதாரர்கள் முறை வைத்து இறைத்தார்கள். நீர் இறங்கிய மாதங்களில் முறையைச் சுருக்கிக்கொண்டார்கள். தூர் எடுக்கும் செலவைப் பங்கின்படி போட்டுக்கொண்டார்கள். மாடு இறைத்த காலத்தில் மாட்டின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. மின்மோட்டார் வந்தபிறகு அந்தக் காவல் போய்விட்டது. பங்குதாரர்களில் வசதியுள்ள ஒருவர் தன் காட்டில் தனியாக ஒரு துளை போட்டதும் கூட்டுக் கிணறே அடங்கிப்போனது பல ஊர்களில் நடந்த கதை. நாம் இப்போது செய்ய வேண்டியது, கிணறு என்ற அளவில் இருந்த அந்த முறையை ஓடைப் பகுதி என்ற அளவுக்கு விரிப்பது.

வறட்சி ஆண்டைப் பற்றி, தொலைவில் உள்ள ஓர் இடத்திலிருந்து கற்க ஒன்று உண்டு. அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் ஷெரிடன் மாவட்டத்துப் பகுதியொன்றின் விவசாயிகள், 2013 முதல் தங்கள் பாசன நீரை 20 விழுக்காடு குறைத்துக்கொள்வதாகத் தாங்களே முன்மொழிந்து அரசின் ஒப்புதல் பெற்றார்கள். ஒதுக்கீட்டை ஆண்டுக்கு இவ்வளவு என்று வைக்காமல், ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்து 55 அங்குலம் என்று வைத்தார்கள். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் குறைவாக இறைத்துச் சேமித்ததை வறண்ட ஆண்டில் எடுத்துக்கொள்ளலாம். குறிக்கோளை விடக் கூடுதலாகவே குறைத்துக் காட்டினார்கள், வருமானமும் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. அங்கே மீட்டர் உண்டு, பண்ணைகள் பெரியவை, நீரடுக்கும் ஆழமானது. நம் பாறையில் ஐந்து ஆண்டுச் சேமிப்பு தங்காது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஓரளவு தாங்கும். ஆகவே நல்ல மழை ஆண்டில் வந்த நீர் முழுவதையும் அந்தக் கோடையிலேயே தீர்த்துவிடாமல், கால் பங்கையாவது அடுத்த ஆண்டின் குடிநீருக்கென்று விட்டுவைக்கும் விதியை நம் ஊருக்கும் எழுதிக்கொள்ளலாம்.

இனி நடைமுறை. முதலில் எல்லையை வகுக்க வேண்டும். நிலத்தடி நீர் ஊராட்சி எல்லையை அறியாது. எந்த மேட்டிலிருந்து எந்த ஓடைக்கு நீர் இறங்குகிறதோ அந்தப் பரப்பையே ஓர் அலகாகக் கொள்ள வேண்டும். அதற்குள் உள்ள கிணறுகளில் மேட்டில் சில, நடுவில் சில, பள்ளத்தில் சில என்று பத்துப் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் கைப்பிடிச் சுவரிலும் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அளவு எப்போதும் அந்தக் கோட்டிலிருந்துதான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, விடியற்காலையில், யாரும் மோட்டாரைப் போடுவதற்கு முன், நாடாவின் நுனியில் எடை கட்டி இறக்கி அளக்க வேண்டும். மோட்டார் ஓடியபின் அளந்தால் மட்டம் பொய் சொல்லும். மோட்டாரின் வேகத்தை அறிய 200 லிட்டர் டிரம் போதும்: 40 விநாடியில் நிரம்பினால் அது மணிக்கு 18,000 லிட்டர் தள்ளுகிறது, ஒரு ஏக்கருக்கு ஒரு தண்ணீர் கட்ட அந்த மோட்டார் 11 மணி நேரம் ஓட வேண்டும். மழைமானி ஒன்றைப் பள்ளிக்கூடத்தில் வைக்கலாம்.

அளவுகளை எழுதிவைக்கும் பலகையைப் பால் கூட்டுறவுச் சங்கத்து வாசலில் வைப்பதே நல்லது என்று நான் சொல்வேன். காலையும் மாலையும் எல்லாச் சாதியினரும், ஆணும் பெண்ணும், கிணறு உள்ளவரும் இல்லாதவரும் வந்துபோகும் இடம் அது ஒன்றுதான். மாட்டுத்தீவனத்துக்கான நீரைக் கணக்கில் சேர்க்கப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். அதை நினைவூட்டுபவர்கள் அங்கே பால் ஊற்ற வரும் பெண்களாகத்தான் இருப்பார்கள். வீட்டுக் குடத்துக்கு நீர் தேடுபவர்களும் அவர்களே என்பதால், கணக்குக் கூட்டத்தில் அவர்களுக்குச் சரிபாதி இடம் வேண்டும்.

விதிகளை அதிகமாக எழுத வேண்டாம். ஊர்க் குடிநீர்க் கிணற்றைச் சுற்றி ஒரு தொலைவுக்குள் புதிய துளை கூடாது. கரும்பு, வாழை, தென்னை போன்ற ஆண்டு முழுதும் நீர் கேட்கும் பயிர்களின் பரப்பு இப்போது இருப்பதற்கு மேல் ஏறக் கூடாது. கோடைப் பயிரின் பரப்பைச் சனவரிக் கணக்கே தீர்மானிக்கும். மானாவாரிக்காரருக்கு உயிர்த்தண்ணீர் கொடுப்பது முதல் கடமை. இந்த நான்கும் நின்றாலே பெரிய மாற்றம் வரும். நின்றிருக்கும் தென்னையை வெட்டச் சொல்லிப் பேச்சைத் தொடங்காதீர்கள். இருபது ஆண்டு வளர்த்த மரத்தை எதிர்த்துப் பேசினால் ஊரே இரண்டாகும். ஊரின் நீரை லாரியில் ஏற்றி வெளியே விற்பதை மட்டும் எவ்விதத் தயக்கமும் இன்றித் தடுக்க வேண்டும், ஏனென்றால் பயிருக்குப் பாய்ச்சிய நீரில் ஒரு பகுதியாவது திரும்பும், லாரியில் போனது போனதுதான்.

எல்லோரும் ஒத்துவராவிட்டால் என்ன செய்வது என்ற கடைசிக் கேள்விக்கு வருகிறேன். தொடக்கத்தில் எல்லோரும் ஒத்துவரவே மாட்டார்கள். ஒரே ஓடையை ஒட்டிய பதினைந்து இருபது கிணற்றுக்காரர்கள் சேர்ந்தால் போதும், தொடங்கிவிடலாம். ஆனால் அளவெடுப்பிலிருந்தும் பலகையிலிருந்தும் யாருடைய கிணற்றையும் விலக்காதீர்கள். தன் காட்டில் இறைப்பதால் அடுத்தவருக்கு என்ன வந்தது என்று கேட்பவரோடு வாதாடுவதை விட ஒரு சோதனை நல்லது. அவருடைய ஒப்புதலோடு ஒரு நாள் முழுக்க அவருடைய ஆழ்துளை மோட்டாரை மட்டும் ஓடவிட்டு, மற்ற மோட்டார்களை நிறுத்திவைத்து, சுற்றியுள்ள கிணறுகளின் மட்டத்தை அரைமணிக்கு ஒருமுறை அவர் கையாலேயே அளந்து எழுதச் சொல்லுங்கள். பாறை வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில் உள்ள கிணறு இறங்கும், இன்னொரு திசையில் பக்கத்திலேயே இருக்கும் கிணறு அசையாமல் இருக்கலாம். எந்தெந்தக் கிணறுகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பது அன்றே தெரிந்துவிடும், அவர்களே முதல் குழுவாக அமரலாம். தொடர்பே இல்லை என்று தெரியவந்தால், அவரை வற்புறுத்துவதை விட்டுவிட்டு மற்றவர்களோடு மேலே நடப்பதுதான் முறை.